பதற்றம் சாட்சியாகுமா? விமான நிலைய நடத்தைக் கண்காணிப்பை எடைபோடும் முறை

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்கிறது நம் பழமொழி. அந்தக் குறுகுறுப்பு முகத்திலும் கையிலும் குரலிலும் வெளிப்பட்டே தீரும், பயிற்சி பெற்ற கண் அதைக் கண்டுகொள்ளும் என்ற நம்பிக்கையின் மேல் அமெரிக்கா ஒரு பெரிய பாதுகாப்புத் திட்டத்தையே கட்டி எழுப்பியது. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று இராமநாதபுரம் கரையோர ஊர்களிலிருந்து மதுரை, திருச்சி, சென்னை வழியாக வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் முதன்முறை புறப்படும் பிள்ளைகளிடம் அதே நம்பிக்கை அச்சமாகக் குடியிருக்கிறது. "முழிக்கிற முழியை வைத்தே பிடித்துவிடுவார்கள், தைரியமாக நில்" என்று வழியனுப்ப வந்தவர்கள் சொல்லச் சொல்ல, அந்தப் பிள்ளைக்கு வியர்வை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. முகம் பார்த்துக் குற்றம் கண்டறியலாம் என்று யாரேனும் சொன்னால் அதை எப்படிச் சோதிப்பது, சோதனைச் சாவடியில் நம்மை நிறுத்திக் கேட்டால் எப்படி நடந்துகொள்வது என்ற இரண்டையும் இங்கே விளக்குகிறேன்.

எதைத் தேடினார்கள், எதைப் பிடித்தார்கள்

எந்தப் பாதுகாப்பு முறையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், அது எதைப் பிடிப்பதற்காகத் தொடங்கப்பட்டது, உண்மையில் எதைப் பிடித்தது என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 'ஸ்பாட்' என்ற நடத்தைக் கண்காணிப்புத் திட்டத்தை 2003இல் பாஸ்டன் விமான நிலையத்தில் சோதனையாகத் தொடங்கி, 2007 முதல் நாடு முழுவதும் விரிவாக்கியது. நோக்கம், பயங்கரவாதிகளை இனங்காண்பது. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசு பொறுப்புடைமை அலுவலகம் 2010இல் வெளியிட்ட அறிக்கையின்படி, திட்டம் இருந்த விமான நிலையங்கள் வழியாக 2004 முதல் 2008 வரை ஏறத்தாழ 200 கோடிப் பயணிகள் சென்றார்கள். சுமார் 1,52,000 பேர் மறுசோதனைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் சுமார் 14,000 பேர் காவல் துறையிடம் ஒப்படைக்கப்பட்டு, 1,083 பேர் கைதானார்கள். கைதுகளில் பெரும்பங்கு குடியேற்ற விதிமீறல், நிலுவையிலிருந்த பிடியாணை, போலி ஆவணம் ஆகியவற்றுக்காக நிகழ்ந்தவை. பயங்கரவாதச் சதிகளில் தொடர்புடையவர்கள் என்று பின்னர் குற்றம் சாட்டப்பட்ட 16 பேர், திட்டம் நடைமுறையில் இருந்த 8 விமான நிலையங்கள் வழியாகக் குறைந்தது 23 முறை போய்வந்திருந்தார்கள் என்பதையும் அதே அறிக்கை பதிவு செய்தது.

நான்கு எண்களைக் கேளுங்கள்

கண்காணிப்பை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு வெற்றிக் கதையைச் சொல்வார்கள். 1999 டிசம்பரில் கனடாவிலிருந்து கப்பலில் காரோடு அமெரிக்காவின் போர்ட் ஏஞ்சலிஸ் துறைமுகத்தில் வந்திறங்கிய அகமது ரெஸ்ஸம், சுங்க அதிகாரியின் சாதாரணக் கேள்விகளுக்கே வியர்த்துத் தடுமாறினார். காரைத் திறந்து பார்த்தபோது வெடிபொருள் இருந்தது. கதை உண்மைதான், அந்த அதிகாரியின் விழிப்பும் போற்றத்தக்கது. ஆனால் அதே சாவடியில் அதே போல வியர்த்து, சோதிக்கப்பட்டு, ஒன்றும் இல்லாமல் அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதை அந்தக் கதை சொல்லாது. ஒரு துளி வியர்வையும் இல்லாமல் கடந்துபோனவர்களைப் பற்றியும் சொல்லாது. ஆகவே ஒரு முறையை எடைபோட நான்கு எண்கள் வேண்டும்: எத்தனை பேர் கடந்தார்கள், எத்தனை பேர் நிறுத்தப்பட்டார்கள், நிறுத்தப்பட்டவர்களில் எத்தனை பேரிடம் தேடியது கிடைத்தது, தப்பிப் போனவர்கள் எத்தனை பேர். நான்காவதை அறிவது மிகக் கடினம். அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு குலுக்கல் முறையில் அதே எண்ணிக்கையிலானவர்களை நிறுத்தியிருந்தால் எத்தனை பேர் சிக்கியிருப்பார்கள் என்ற ஒப்பீடு தேவைப்படுகிறது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2011இல் அத்தகைய ஒப்பீட்டை நடத்தி, தன் திட்டம் குலுக்கலைவிட மேலானது என்று அறிவித்தது. அதன் தரவுகளும் செய்முறையும் அந்த முடிவைத் தாங்கும் வலுவற்றவை என்று 2013இல் தணிக்கை அலுவலகம் கூறியது.

இந்த எண்களை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஒரு இலட்சம் பயணிகளில் 10 பேர் கடத்தல் பொருளோடு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் கண்காணிப்பாளர் அந்தப் பத்தில் எட்டைப் பிடித்துவிடுவார் என்றும், குற்றமற்றவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரை மட்டுமே தவறாக நிறுத்துவார் என்றும் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மீதமுள்ள 99,990 பேரில் ஐந்து விழுக்காடு என்பது சுமார் 5,000. ஆக, நிறுத்தப்படும் ஏறத்தாழ 5,008 பேரில் 8 பேரே உரியவர்கள். அறுநூற்றுச் சொச்சம் பேரைத் தடுத்தால் ஒருவர் கிடைப்பார். வலைக்கண்ணைச் சிறிதாக்கினால் பெரிய மீனோடு குஞ்சும் குளுவானும் சேர்ந்து ஏறும் என்பது பாம்பன் கரையில் வலை இழுப்பவர்களுக்குத் தெரிந்த கணக்குதான். இங்கே வலையில் ஏறுகிறவர்கள் விமானத்தைத் தவறவிடப் போகிற மனிதர்கள் என்பதால், அந்தக் கணக்கை யாரும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பார்ப்பவர்கள் ஒத்துப்போகிறார்களா

தராசு சரியானதா என்று பார்க்க, ஒரே பொருளை இரண்டு முறை நிறுத்துப் பார்ப்போம். 2013ஆம் ஆண்டின் தணிக்கை அறிக்கை அதைத்தான் செய்தது. 160 மணி நேரப் பணிக்கு ஒரு கண்காணிப்பாளர் எத்தனை பேரை மறுசோதனைக்கு அனுப்பினார் என்று கணக்கிட்டபோது, சிலர் ஒருவரைக்கூட அனுப்பவில்லை, சிலர் 26 பேர் வரை அனுப்பியிருந்தார்கள். நிறுத்தப்படுவது பயணியின் நடத்தையைப் பொறுத்ததைவிடப் பார்ப்பவரைப் பொறுத்ததாக இருக்கலாம் என்ற ஐயம் இங்கே எழுகிறது. 2007 முதல் சுமார் 90 கோடி டாலர் செலவான அந்தத் திட்டத்துக்கு இனி நிதியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அலுவலகம் பரிந்துரைத்தது. 2017இல் மீண்டும் ஆராய்ந்தபோது, பயன்பாட்டிலிருந்த 36 நடத்தை அறிகுறிகளில் 28க்குத் தகுந்த ஆதாரம் ஒன்றுகூடக் காட்டப்படவில்லை.

கண்ணைத் தாழ்த்துவது பொய்யின் அடையாளமா

ஆய்வகங்களில் நிலைமை இன்னும் தெளிவாக இருக்கிறது. பாண்ட், டிபாலோ என்ற இரண்டு உளவியலாளர்கள் இருபத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்டார்கள். ஒருவர் சொல்வது பொய்யா மெய்யா என்று வேறு எந்தத் தகவலும் இல்லாமல் கணிக்கும்போது மனிதர்கள் சரியாகச் சொல்வது சராசரியாக 54 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டினால் 50. உண்மை பேசியவர்களில் 39 விழுக்காட்டினர் பொய்யர்களாகக் கருதப்பட்டார்கள் என்பதும் அதே கணக்கில் உள்ளது.

பொய் சொல்பவர் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார் என்ற எண்ணம் உலகெங்கும் பரவியிருப்பதை அதே ஆண்டில் 58 நாடுகளில் கேட்டறிந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் பார்வை விலகுவதற்கும் பொய்க்கும் உள்ள தொடர்பு ஏறத்தாழ இல்லை என்பதே சோதனைகளின் முடிவு. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது வெறும் ஆய்வுச் செய்தி அல்ல. பெரியவர் முன் பார்வையைத் தாழ்த்தி, கையைக் கட்டி, குரலை இறக்கிப் பேசு என்று வளர்க்கப்பட்ட ஒருவன், சீருடை அணிந்தவர் முன்னால் அப்படித்தான் நிற்பான். தெரியாத மொழியில் கேள்வி, கையில் முதல் கடவுச்சீட்டு, வட்டிக்கு வாங்கிய விசாப் பணம், கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அழுதுகொண்டிருக்கும் உம்மா என்று இத்தனையும் சேரும்போது நாக்கு வறண்டு, கடவுச்சீட்டைப் பிடித்த விரல் நடுங்குவது இயல்பு. அதே வரிசையில், தங்கத்தை உடலோடு ஒட்டிக்கொண்டு பலமுறை போய்வந்து பழகிய 'குருவி' கொட்டாவி விட்டபடி நிற்பார். பதற்றத்தை அளவுகோலாக்கினால் நிறுத்தப்படுபவர் யார், கடந்துபோகிறவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். இந்த முறையின் மேல் எனக்கிருக்கும் முதன்மையான மனக்குறை இதுவே.

எது பயன் தருகிறது

1986 ஏப்ரல் 17 அன்று லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இஸ்ரேலின் எல் அல் நிறுவன விமானத்தில் ஏற வந்த ஆன் மேரி மர்ஃபி என்ற கருவுற்ற அயர்லாந்துப் பெண்ணிடம் பதற்றம் காட்ட வேண்டிய காரணமே இல்லை. காதலன் நிசார் ஹிந்தாவி மர்ஃபியின் பையில் வெடிபொருள் வைத்திருப்பது அவருக்குத் தெரியாது. முகத்தை மட்டும் பார்த்திருந்தால் அவர் விமானத்தில் ஏறியிருப்பார். எதற்குப் போகிறீர்கள், யாரோடு, எங்கே தங்குவீர்கள் என்ற கேள்விகளும், காலியான பிறகும் பை கனமாக இருந்ததைக் கவனித்த கைகளும்தான் அந்த விமானத்தைக் காப்பாற்றின.

கேள்வியின் இந்த வலிமையை டாமஸ் ஆர்மராட், கோரல் டாண்டோ என்ற உளவியலாளர்கள் ஐரோப்பிய விமான நிலையங்களில் சோதித்துப் பார்த்தார்கள். பயணிகளைப் போல நடிக்கச் சிலரை அனுப்பி, பொய்க் கதை ஒன்றைச் சொல்லச் செய்தார்கள். சந்தேக அறிகுறிகளைத் தேடிய அதிகாரிகள் அவர்களில் 5 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களையே கண்டுபிடித்தார்கள். உரையாடலாகப் பேசி, சரிபார்க்கக்கூடிய விவரங்களைக் கேட்டு, பதில் எப்படி மாறுகிறது என்று கவனித்தவர்கள் 66 விழுக்காட்டினரைக் கண்டுபிடித்தார்கள். நடிகர்களை வைத்து நடந்த சோதனை என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் இடைவெளி மிகப் பெரியது. இன்ன ஊரில் வேலை பார்த்தேன் என்பவரிடம், அங்கிருந்து வேலைக்கு எந்த வழியாகப் போவீர்கள் என்று கேட்பது இந்த வகை. உண்மையானவர் நடுங்கிக்கொண்டே விடை சொல்லிவிடுவார், பொய்யர் அமைதியாகவே சிக்கிக்கொள்வார்.

நம் கடலிலும் இதுவே வழக்கம். 2023இல் மண்டபத்தை ஒட்டிய மன்னார் வளைகுடாவில் கடலோரக் காவல் படையும் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகமும் 30 கிலோவுக்கு மேல் தங்கம் பிடித்தது முன்கூட்டிக் கிடைத்த தகவலின் பேரில்தான். படகுப் பதிவெண், மீன்பிடி டோக்கன், படகிலிருப்பவர்களின் அடையாள அட்டை ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பது, படகோட்டியின் முகத்தைப் பார்ப்பதைவிட உறுதியான வழி. ஊருக்குப் பொருந்தாத படகையோ பொருளையோ கரையில் இருப்பவர்கள் கவனிப்பதும் பயனுள்ளதுதான். அது இடத்தைப் பற்றிய அறிவு, மனத்தை ஊகிக்கும் வித்தை அல்ல.

பயணம் புறப்படுகிறவர் செய்ய வேண்டியவை

பயத்தை மறைக்க முயல வேண்டாம். அது குற்றமில்லை, மறைக்கும் முயற்சி பேச்சைத்தான் குழப்பும். அதற்குப் பதிலாக உங்கள் பயணத்தின் விவரங்களைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்: போகும் நிறுவனத்தின் பெயர், ஊர், வேலை, அழைத்துச் செல்ல வருபவரின் பெயரும் எண்ணும். இவற்றை ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கடவுச்சீட்டோடு வையுங்கள். நாக்கு குழறினால் தாளை நீட்டலாம். கேட்பவர் யார் என்பதையும் அறிந்திருங்கள். வாசலில் பயணச்சீட்டைப் பார்ப்பவரும், உள்ளே உடலையும் கைப்பையையும் சோதிப்பவரும் பெரும்பாலும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர். விசாவையும் பயண நோக்கத்தையும் கேட்பவர் குடிவரவு அதிகாரி. தங்கத்தையும் பொருளையும் கேட்பவர் சுங்க அதிகாரி. இந்தி புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லி, தமிழிலோ ஆங்கிலத்திலோ கேட்கும்படி பணிவாகக் கோருங்கள். புரியாமல் தலையாட்டுவதுதான் பல சிக்கல்களின் தொடக்கம்.

வேலைக்குப் போகிறவரிடம் "சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல் தம்பி" என்று முகவர் கற்றுக்கொடுத்தால், அந்தப் பயணத்தையே நிறுத்துங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் கடவுச்சீட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருந்தால், வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல முறையான அனுமதி பெற வேண்டும். சொல்லிக்கொடுத்த பொய் இரண்டாவது கேள்வியில் உடைந்துவிடும்.

இன்னொன்றை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். புறப்படுவதற்கு முந்தின இரவு, அண்டை வீட்டார் கருவாட்டுப் பொட்டலமும் மருந்து டப்பாவும் கொண்டுவந்து, "அங்கே மச்சான் வந்து வாங்கிக்கொள்வான்" என்று கொடுப்பது நம் ஊரில் உரிமையோடு நடக்கிற காரியம். வாங்கினால் அவர் முன்னிலையிலேயே பிரித்துப் பார்த்து, நீங்களே மறுபடி கட்டுங்கள். பிரிக்க விடாவிட்டால் வாங்காதீர்கள். வலி மாத்திரைகள் சில வளைகுடாவில் கட்டுப்பாட்டுக்குரியவை, மருத்துவர் சீட்டு அவசியம். கசகசா ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவுதியிலும் தடை செய்யப்பட்டது. மசாலாப் பொட்டலத்தில் கலந்திருந்தாலும் ஆபத்து. பையை நீங்களே அடுக்கினீர்களா என்ற கேள்விக்குத் தயங்காமல் ஆம் என்று சொல்லும் நிலையில் இருங்கள்.

சுங்கத் துறையினர் உடலைச் சோதிக்க விரும்பினால், சுங்கச் சட்டம் 1962இன் 102ஆம் பிரிவின்படி, அருகிலுள்ள அரசிதழ்ப் பதிவு பெற்ற சுங்க அதிகாரியிடமோ நீதித்துறை நடுவரிடமோ தம்மை அழைத்துச் செல்லுமாறு கோரும் உரிமை பயணிக்கு உண்டு. பெண்ணைப் பெண் மட்டுமே சோதிக்கலாம். சண்டையிட வேண்டியதில்லை, கோரிக்கையைத் தெளிவாக ஒருமுறை சொன்னால் போதும். நடத்தையைக் காரணம் காட்டி நெடுநேரம் நிறுத்திவைத்தால் நாள், நேரம், கவுண்டர், அதிகாரியின் பெயர்ப்பட்டையில் உள்ளதைக் குறித்துக்கொண்டு, ஊர் போய்ச் சேர்ந்த பிறகு விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் நடந்ததை நடந்தபடி எழுதிப் புகார் செய்யுங்கள்.