விறகுக்குப் போகிற கழுக்கோலில் ஒரு மணை

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் இருந்து அருமனை, களியக்காவிளை என்று எந்தப் பக்கம் போனாலும் வழியில் ஏதாவது ஒரு பழைய ஓட்டு வீடு இடிபட்டுக்கொண்டிருக்கும். ஓட்டை ஒரு ஓரமாக அடுக்குவார்கள், கதவுக்கும் நிலைக்கும் விலை பேச ஆள் வரும், மிச்சமிருக்கிற கழுக்கோல் (கூரையைத் தாங்குகிற சாய்வுச் சட்டம்), பட்டியல் (ஓடு உட்காருகிற குறுக்குச் சட்டம்), மச்சு (மரத்தளம்) போட்ட பலகைத் துண்டெல்லாம் விறகு விலைக்குப் போய்விடும். முன்பு திருவிதாங்கூரோடும், பிறகு 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர்கள் இவை, கேரளத்துப் பாறசாலைப் பக்கத்து வீட்டுக் கூரைக்கும் நம் கூரைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அயினி, பலா, வசதி இருந்த வீடு என்றால் தேக்கு. பல வருஷம் ஓட்டுக்கு அடியில் காய்ந்து, இனி வளையவோ வெடிக்கவோ அதிகம் மிச்சமில்லாத மரம். அது அடுப்புக்குப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது, அதனால்தான் அதை மீட்டுச் சாமான் செய்வது எப்படி என்று எழுதுகிறேன்.

முதலில் கேட்கப் பழகுங்கள். ஜேசிபி வருவதற்கு முந்தின நாள் போனால்தான் முழு நீளத்தில் கிடைக்கும், வந்த பிறகு போனால் முறிந்த துண்டுதான். "அண்ணே, இந்தக் கழுக்கோலெல்லாம் விறகுக்கா? நான் எடுத்துக்கிடட்டா?" என்று வீட்டுக்காரரிடமே நேராகக் கேளுங்கள். எடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேரளப் பக்கம் இருந்து ஏற்றி வருவதாக இருந்தால், முக்கியமாகத் தேக்கோ ஈட்டியோ இருந்தால், வண்டி பிடிப்பதற்கு முன்பே வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். பழைய மரம்தானே என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

சரி, மரத்தை எப்படிப் பார்ப்பது? வெளியே எல்லாமே ஒரே சாம்பல் நிறம், புகைக்கரி, பல்லி எச்சம். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பேனாக்கத்தியால் முனையில் ஒரு சீவல் எடுங்கள். பலா என்றால் உள்ளே மஞ்சள், வயசானது என்றால் செம்பழுப்புக்குப் போயிருக்கும். அயினி பொன்னிறத்தில் இருந்து பழுப்பு. தேக்கு என்றால் எண்ணெய் கலந்த ஒரு தோல் வாசனை வரும், ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. அப்புறம் விரல் மூட்டால் தட்டுங்கள். கணீர் என்றால் நல்லது, பொத்தென்று கேட்டால் உள்ளே கறையான் தின்ற கூடு. ஓரத்தில் இருக்கிற வெள்ளைப் பகுதியைப் பூச்சி தின்றிருந்தால் பயப்பட வேண்டாம், அதைச் சீவி எறிந்தால் உள்ளே வைரம் (கெட்டியான நடுமரம்) அப்படியே இருக்கும். ஆனால் சின்ன ஓட்டைகளுக்குக் கீழே கோதுமை மாவு மாதிரி புதுத்தூள் கொட்டிக்கொண்டிருந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், அந்தத் துண்டை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

ரப்பர் மரம் வேறு கதை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் ரப்பர் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தது, சும்மா கிடைத்ததே என்று நானும் இரண்டு தடி எடுத்துப் போட்டேன். சில வாரத்திலேயே நீலம் பூத்து, பின்னாலேயே வண்டு விழுந்து எல்லாம் போச்சு. ரப்பர் வேண்டுமென்றால் விழுந்த சில நாளிலேயே அறுத்து மருந்து வைத்துவிட வேண்டும்: ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 40 கிராம் போரிக் பவுடர், கையுறை போட்டுக்கொண்டு பலகை நனைய நனைய இரண்டு மூன்று தடவை பூச வேண்டும். மழை பட்டால் மருந்து கரைந்து போகும், அதனால் வீட்டுக்குள் வைக்கிற சாமானுக்கு மட்டும், சாப்பாடு படாத சாமானுக்கு மட்டும்.

எடுக்கவே கூடாதவை மூன்று. ரயில் பாதையில் கிடந்த கட்டையில் கிரியோசோட் என்கிற தார் எண்ணெய் ஏறியிருக்கும், அறுத்தால் தூள் நுரையீரலுக்குக் கேடு, எரித்தால் இன்னும் மோசம். கம்பெனிச் சரக்கு வந்த பேலட்டில் எம்பி (MB) என்று ஆங்கில முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, விட்டுவிடுங்கள். எச்டி (HT) என்றிருந்தால் வெறும் சூடேற்றியது, எடுக்கலாம். மூன்றாவது, பெயிண்ட் உரிகிற பழைய ஜன்னல். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான், அதனால் அதற்கு முந்தினது எல்லாவற்றிலும் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாள் போட்டுக் காய்ந்த தூள் கிளப்பவே கூடாது, குழந்தை இருக்கிற வீட்டில் அந்த வேலையே வேண்டாம்.

இனி ஆணி. அவசரப்படுகிறவர்கள் தோற்பது இங்கேதான். ஒரு தடவை எல்லா ஆணியையும் பிடுங்கிவிட்டேன் என்று நம்பி இழைப்புளி ஓட்டினேன், உள்ளேயே முறிந்து தலையில்லாமல் கிடந்த ஒரு துண்டு தகட்டில் அரிசி அளவுக்குப் பல் எடுத்துவிட்டது, அதைச் சாணை பிடித்துச் சரி செய்ய அரை நாள். இப்போது பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தை ஒரு நூலில் கட்டி, பலகைக்கு மேல் ஒட்டினாற்போல மெதுவாகக் கொண்டுபோகிறேன், இரும்பு இருக்கிற இடத்தில் அது சடக்கென்று இழுக்கும். மரத்தில் கறுப்புக் கறை வட்டமாக இருந்தாலும் அங்கே ஆணி உண்டு. பின்பக்கம் முனை தெரிந்தால் அதை நிமிர்த்தி அங்கிருந்து தட்டித் தலையை வெளியே தள்ளுங்கள், பிறகு சுத்தியலுக்கு அடியில் ஒரு சிறு கட்டையை முட்டுக் கொடுத்துப் பிடுங்குங்கள், பலகையில் குழி விழாது. பழைய வீடுகளில் மூட்டுகளை மர ஆணியால் இறுக்கியிருப்பார்கள், அதைப் பிடுங்காதீர்கள், சிறுத்த முனை எந்தப் பக்கம் என்று பார்த்து அங்கிருந்து தட்டினால் ஆணி வெளியே வந்து, மூட்டுக்குள் செருகியிருக்கிற கழுந்தும் முழுசாகக் கழன்றுவரும்.

தச்சு ஆயுதத்துக்கு ஆக்கர் கடை, அதாவது பழைய இரும்புக் கடை. கிலோ கணக்கில் கொட்டி வைத்திருக்கிற இரும்புக்குள் கைவிட்டுப் பார்க்க நேரம் வேண்டும், நேரமிருந்தால் கிடைக்கும். எனக்குக் கிடைத்த உளி ஒன்று: கைப்பிடி கிடையாது, முனை மழுங்கி உருண்டிருந்தது, சுத்தியலால் அடித்து அடித்து மண்டை காளான் மாதிரி விரிந்திருந்தது. அந்த விரிந்த ஓரத்தை அரத்தால் ராவி எடுத்த பிறகுதான் அதன் மேல் ஒரு அடியாவது போட வேண்டும், இல்லையென்றால் சில்லு தெறித்துக் கண்ணுக்குப் போகும். துருவுக்கு எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்), ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம், ஒரு ராத்திரி ஊறட்டும். காலையில் கறுப்பு வழவழப்பாக வரும், தேங்காய் நாரால் தேய்த்து, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் காயவைத்து மிஷின் எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுக்காகிவிடும். துரு போன பிறகு ஊசிக்குத்து மாதிரி குழிகள் தெரியும், அவை கூர்முனைக்குப் பக்கத்தில் இல்லாதவரை பரவாயில்லை.

தீட்டும்போது முதலில் பின்பக்கத்தைத் தட்டையாக்குங்கள். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் தண்ணீர் தெளித்து 220, 400, 1000 என்று வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தால் போதும். கூர்ச் சரிவின் நீளம் தகட்டின் தடிமனைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அதுதான் 25 டிகிரி, அளவுகோலே வேண்டாம். மிஷின் சாணையில் பிடித்தால் அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள், முனை நீலமாக மாறிவிட்டால் பதம் போய்விட்டது, அந்த அளவுக்கு மறுபடி தேய்த்து எறிய வேண்டியதுதான்.

கைப்பிடிக்குக் கழுக்கோலின் மிச்சத் துண்டு, கொட்டாப்புளிக்கு (மரச் சுத்தியலுக்கு) புளியமரத்துக் கிளை. ரம்பம் வாங்கும்போது தகடு வளையாமல் நேராக இருக்கிறதா என்று கண்ணோட்டம் பாருங்கள், பல்லை அரத்தால் ராவிக்கொள்ளலாம்.

முதல் வேலையாக மேசை, அலமாரி என்று இறங்காதீர்கள், மணை செய்யுங்கள். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான மச்சுப் பலகை, அடியில் குறுக்காக இரண்டு கழுக்கோல் துண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு மர ஆணி. இழைக்கும்போது முதல் சீவலில் சாம்பலும் கரியும் போகும், இரண்டாவதில் திட்டுத்திட்டாக நிறம் வரும், மூன்றாவது சீவல் சுருண்டு விழும்போது பலகை முழுக்க மஞ்சள் பரவியிருக்கும். ஆணி இருந்த ஓட்டைகளை அடைக்க வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் துணியில் தொட்டுத் தடவி, அந்தத் துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயப்போடுங்கள், சுருட்டி வைத்தால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும்.