கப்பலுக்குப் போன அப்பாவின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி

நாடுகளை எண்ணுவதில் ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். அப்பா போன வருஷம் தவறினார். 1971-ல் பம்பாயில் கப்பல் ஏறி, முப்பத்தைந்து வருஷம் பண்டாரி வேலை, அதாவது கப்பல் சமையல்காரர். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் போன நாடுகளையெல்லாம் ஒரு பேப்பரில் எழுதினேன், நாற்பத்தொன்று வந்தது, பெருமையாக அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "இதுல நாம எங்க இருக்கோம்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் கேட்டது சரிதான். பத்து மாசம் கடல், இரண்டு மூன்று மாசம் வீடு என்று வாழ்ந்த மனிதரைப் பற்றி எழுதும்போது ஊர்ப் பட்டியல் மட்டும் போட்டால் அது கப்பல் கம்பெனியின் கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கும். "பாசமானவர், குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்" என்று மட்டும் எழுதினால் இரங்கல் போஸ்டர். அதனால் ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு வாங்கி, நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, இடது பக்கம் அப்பா எங்கே இருந்தார், வலது பக்கம் அதே தேதியில் வீட்டில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். நான் சொல்லப்போகும் மற்ற எல்லாமே இந்த இரண்டு பக்கத்தையும் நிரப்புகிற வேலைதான். கப்பல்காரர் என்றில்லை, ரயில்வே, ராணுவம், துபாய், மருந்து கம்பெனி ரெப் என்று ஊர் ஊராக அலைந்த எந்த அப்பாவுக்கும் இது பொருந்தும், ஆதாரம்தான் மாறும்.

இடது பக்கத்துக்கு முதல் ஆதாரம் சிடிசி புத்தகம், அதாவது கப்பல்காரர் ஒவ்வொருவரிடமும் இருக்கும் வேலைப் பதிவுப் புத்தகம். பார்க்க பாஸ்போர்ட் மாதிரி இருக்கும். கப்பல் பெயர், என்ன வேலை, எந்தத் தேதியில் எந்த ஊரில் ஸைன் ஆன், எங்கே ஸைன் ஆஃப், கூடவே வேலைக்கும் நடத்தைக்கும் கேப்டன் போட்ட மதிப்பு, எல்லாம் வரிசையாக இருக்கும். பழசு முடிந்ததும் புதுசு கொடுத்திருப்பார்கள், ஆகவே ஒன்றோடு நிறுத்தாமல் எல்லாவற்றையும் தேடுங்கள். எங்கள் வீட்டில் ஒன்று ரேஷன் கார்டு உறைக்குள் இருந்தது, இன்னொன்று ஏனோ அரிசி டிரம்முக்குப் பின்னால்! ஏறின இடமும் இறங்கின இடமும்தான் இதில் கிடைக்கும், நடுவில் தொட்ட துறைமுகங்கள் இருக்காது. அவற்றுக்குக் கடிதமும் பாஸ்போர்ட் முத்திரையும் போட்டோவும்தான் வழி.

அப்பா வாயால் சொன்ன கதைகளுக்குத் தேதி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள், கதைக்குள்ளேயே தேதி ஒளிந்திருக்கும். "ஒரு தடவை ஆப்பிரிக்காவையே சுத்திப் போனோம், கண்ணுக்குக் கரையே தெரியல, வெங்காயம் தீர்ந்து போச்சு" என்று அப்பா அடிக்கடி சொல்வார். சூயஸ் கால்வாய் 1967 ஜூனில் மூடி 1975 ஜூனில்தான் திறந்தது. அந்த எட்டு வருஷமும் இங்கிருந்து ஐரோப்பா போகிற கப்பல் தெற்கே சுற்றித்தான் போயாக வேண்டும். அவர் 1971-ல் ஏறியவர், சிடிசியில் அதற்குள் வருகிற வெளிநாட்டுப் பயணம் மூன்றுதான், அதில் ஐரோப்பாவில் ஸைன் ஆஃப் ஆனது ஒன்றுதான். வெங்காயம் தீர்ந்த பயணம் எது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. ஊர்ப் பெயர்களை அவர் சொன்ன மாதிரியே எழுதி, பக்கத்தில் இப்போதைய பெயரைப் போடுங்கள். லெனின்கிராட் 1991-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆகிவிட்டது, ரங்கூன் 1989-ல் யாங்கோன், பேரப்பிள்ளைகள் பழைய பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மேப்பில் திணறுவார்கள். கப்பலும் கை மாறும்போது பெயர் மாற்றிக்கொள்ளும். எங்காவது ஏழு இலக்க ஐஎம்ஓ எண், அதாவது கப்பலுக்கான அடையாள எண், கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள், பெயர் எத்தனை தடவை மாறினாலும் அது மாறாது. ஆனால் அந்த எண் முறை வந்தது 1987-ல், அதற்கு முன்பே உடைத்த கப்பலுக்குக் கிடைக்காமல் போகலாம்.

வலது பக்கம்தான் கஷ்டம். வீட்டில் இருந்தவர்களுக்கு யாரும் முத்திரை குத்தவில்லை. பேங்க் பாஸ்புக், பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, வாடகை ரசீது, பத்திரிகை அடித்த கல்யாணம் காட்சி, இவைதான் உதவும். கப்பல்காரர் வீட்டில் கூடுதலாக அலாட்மென்ட் இருக்கும்: சம்பளத்தில் ஒரு பகுதி மாசாமாசம் வீட்டுக்கு வருவது. அம்மா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு, பம்பாய் பல்லார்ட் எஸ்டேட்டில் இருந்த கம்பெனி ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்று வாங்குவாள். ஒரு தடவை காகிதம் வரவில்லை என்று மூன்று நாள் அலைய விட்டார்கள். அந்த மூன்று நாளையும் வலது பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதே வாரம் அப்பா யோகோஹாமாவில் எனக்கு ஸ்கூல் பேக் வாங்கியிருக்கிறார்.

கடிதங்களுக்கு வருவோம். எங்கள் வீட்டில் ஒரு பெரிய குற்றம் நடந்திருக்கிறது, குற்றவாளி நான். ஸ்டாம்ப் ஆல்பத்துக்காகக் கவர்களிலிருந்து வெளிநாட்டு ஸ்டாம்பையெல்லாம் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டேன், முத்திரைத் தேதியும் சேர்ந்து போய்விட்டது. அதே ஆல்பத்தைத் திறந்து பார்த்தபோது பாதி ஸ்டாம்ப் மேல் முத்திரையின் பாதி இருந்தது, ஓட்டையோடு இருந்த கவரையும் ஸ்டாம்பையும் ஜிக்சா மாதிரி சேர்த்துப் பார்த்து இருபதுக்கும் மேல் தேதி கண்டுபிடித்தோம். முத்திரையே இல்லாவிட்டால் முகவரியைப் பாருங்கள். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். வெறும் "சயான், பம்பாய்-22" என்று இருந்தால் பழசாக இருக்கலாம், "400022" என்று இருந்தால் கண்டிப்பாக அதற்குப் பிறகு. (அப்பா பழக்க தோஷத்தில் எண்பதுகளிலும் 22 என்றே எழுதியிருக்கிறார், அதனால் இதை மட்டும் நம்பாதீர்கள்.)

தேதி போட்டதும் கடிதங்களை மாசவாரியாக எண்ணுங்கள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, தற்செயலாகச் செய்தது. அப்பா வழக்கமாக மாசத்துக்கு ஒன்றோ இரண்டோதான் எழுதுவார், அதுவும் துறைமுகம் வந்தால்தான். 1993 ஜனவரியில் மட்டும் ஒரே வாரத்தில் மூன்று. பம்பாய் எரிந்துகொண்டிருந்த மாசம் அது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம், அவருக்குக் கப்பல் ரேடியோவில் செய்தி மட்டும் கிடைத்திருக்கிறது. மூன்று கடிதத்திலும் கலவரம் என்ற வார்த்தையே இல்லை. அரிசி இருக்கிறதா, பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகவேண்டாம், பக்கத்து வீட்டு போன் நம்பரை மறுபடி தெளிவாக எழுது, ஏழா ஒன்றா தெரியவில்லை. அவ்வளவுதான். அவர் எப்படிப்பட்ட அப்பா என்று எழுத நான் யோசித்து வைத்திருந்த இரண்டு பாராவை அன்றைக்கே அடித்துவிட்டேன், அந்த மூன்று தேதியும் ஏழா ஒன்றா என்ற வரியும் மட்டும் நோட்டில் இருக்கின்றன.

இங்கே மும்பையில் வளர்ந்த பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. என் மகள் தாத்தாவின் கையெழுத்தைப் படம் பார்ப்பது போலத்தான் பார்க்கிறாள். அதனால் கடிதத்தை ஸ்கேன் பண்ணி வைத்தால் மட்டும் போதாது, அம்மாவை வாசிக்கச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். ஆரம்பத்தில் கடிதத்தின் தேதியையும் சொல்லச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிறகு எந்த ஆடியோ எந்தக் கடிதம் என்று மண்டை காயும். அம்மா சில இடங்களில் நிறுத்திவிட்டு, "இது உங்களுக்கு வேண்டாம்" என்று தாண்டிப் போனாள். தாண்டட்டும், கேட்காதீர்கள்.

போட்டோவுக்கு ரொம்ப விளக்க வேண்டியதில்லை. ஸ்கேன் 300 டிபிஐ, பாஸ்போர்ட் சைஸ் படமென்றால் 600. முதலில் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டுடியோ முத்திரையும் அப்பா கிறுக்கியதும் அங்கேதான் இருக்கும். நீங்கள் ஏதாவது எழுத வேண்டுமென்றால் பென்சில், அதுவும் லேசாக. லாமினேஷன் வேண்டாம், செல்லோ டேப் கூடவே கூடாது. எங்களுக்கு 2005 ஜூலை 26 வெள்ளத்தில் கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டி நனைந்து, ஒரு கட்டு போட்டோ ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை மாதிரி ஆகிவிட்டது. அப்படி ஒட்டியதைப் பிய்க்காதீர்கள். மேலே தெரிவதை முதலில் படம் எடுத்துக்கொண்டு, சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, தானாக விலகுவதை மட்டும் பிரித்து நிழலில் முகம் மேலே பார்க்கக் காயவையுங்கள். எல்லாம் பிழைக்காது, எங்களுக்குப் பாதிதான் பிழைத்தது. பேனாவால் எழுதிய கடிதத்தை மட்டும் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஸ்கேன் முடிந்ததும் ஒரு காப்பியை வேறு ஊரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் இருந்தால் தள்ளிப்போடாமல் போய்ப் பாருங்கள், அவர்களுக்கும் எண்பதை நெருங்குகிறது. தாராவியில் ஒரு பழைய செராங் (கப்பல் மேல்தளத் தொழிலாளர்களின் தலைவர்) மாமாவைப் போய்ப் பார்த்தோம். "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டேன், "தங்கமான மனுஷன்" என்றார், பேச்சு முடிந்துவிட்டது. அப்புறம் "ராத்திரி வாட்ச் முடிஞ்சு வர்றவங்களுக்கு அப்பா என்ன வச்சிருப்பார்?" என்று கேட்டதும் ஒன்றரை மணி நேரம் பேசினார். தங்கச்சி பிறந்த தந்தி பம்பாய் ரேடியோ (கப்பல்களோடு தொடர்பு கொள்ளும் கரை நிலையம்) வழியாகக் கப்பலுக்கு வந்த அன்று, கேப்டன் முதல் எஞ்சின் அறை எண்ணெய்க்காரர் வரை எல்லாருக்கும் அப்பா சேமியா பாயசம் வைத்தாராம், முந்திரி இல்லாததால் வேர்க்கடலை போட்டாராம். எங்கள் யாருக்கும் இது தெரியாது. இடது பக்கத்தில் ஏறியது. வலது பக்கத்தில் அதே நாளில் அம்மா சயான் ஆஸ்பத்திரியில் தனியாக இருந்தாள் என்று ஏற்கனவே எழுதியிருந்தேன், அதை அழிக்கவில்லை. அம்மாவுக்கு அந்த மனக்குறை இன்னும் இருக்கிறது. பாயசக் கதையைச் சொன்னபோது சிரித்தாள், ஆனால் "எனக்கு அன்னைக்கு வெந்நி வைக்க ஆளில்ல" என்றும் சொன்னாள். இரண்டையும் போடுங்கள். குறையை எடுத்துவிட்டு எழுதினால் வீட்டில் இருப்பவர்களே அதை நம்ப மாட்டார்கள்.

நோட்டு நிரம்பியதும் தட்டச்சு செய்து, முதல் வருஷ நினைவு நாளுக்குள் முப்பது நாற்பது பிரதி போட்டால் போதும். ஜெராக்ஸ் கடைக்கு வேர்ட் ஃபைலாகக் கொடுக்காதீர்கள், அவர்கள் கம்ப்யூட்டரில் தமிழ் ஃபான்ட் இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வரும். பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள், அதிலும் ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிட்டு மீதி. ஸ்பைரல் பைண்டிங் அழகாக இருக்காதுதான், ஆனால் விரித்து வைத்து எழுத வசதி. எழுத என்று ஏன் சொல்கிறேன் என்றால், கடைசியில் பத்துப் பக்கம் கோடு மட்டும் போட்டுக் காலியாக விடவேண்டும். நினைவு நாளுக்கு வருகிறவர்கள் சாப்பிட்டு முடித்துப் புரட்டும்போதுதான் "ஏ, இந்த வருஷம் அண்ணன் ஊருக்கு வந்தாரே" என்று ஆரம்பிப்பார்கள். பேனா நாலைந்து கையோடு கொண்டுபோங்கள். எங்களுடையதில் சித்தப்பா எழுதிய இரண்டு தேதி தப்பு, அம்மா பென்சிலால் பக்கத்தில் திருத்தியிருக்கிறாள்.