பெட்டிக்குள் போன பவர் பேங்க்

சிங்கப்பூர் போவதற்காகப் பெட்டியைக் கவுண்டரில் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பெட்டிக்குள் பவர் பேங்க் இருந்ததுதான் காரணம். லித்தியம் பேட்டரி சரக்கு அறையில் சூடாகித் தீப்பிடித்தால் பக்கத்தில் ஆள் இருக்காது. கைப்பையில் இருந்தால் உடனே கவனித்துவிடலாம். இது புரிந்ததும் என் கோபம் போய்விட்டது.

சரி என்று கைப்பைக்கு மாற்றினேன். சோதனையில் அடுத்த சிக்கல். மேலே இருந்த எழுத்து தேய்ந்து, திறன் எவ்வளவு என்றே தெரியவில்லை. அங்கேயே விட்டுவிட்டுத்தான் போக முடிந்தது.

அப்புறம் புது பவர் பேங்க் வாங்கியபோது அச்சு அழுத்தமாக இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். விமானத்தில் திறனை வாட்-மணியில்தான் (Wh) பார்க்கிறார்கள். மில்லி ஆம்பியர்-மணியை (mAh) 1000-ஆல் வகுத்து 3.7-ஆல் பெருக்கினால் அது வந்துவிடும். 20,000 mAh என்றால் 74 Wh. பொதுவாக கைப்பையில் 100 Wh வரை தடையில்லை.

அம்மா கொடுக்கும் இஞ்சித் தொக்கு இதற்கு நேர் எதிர். வெளிநாட்டு விமானத்தில் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில் கைப்பையில் கூடாது. அது இரண்டு கவர் சுற்றிப் பெட்டிக்குள் போகிறது. பெட்டியைப் பூட்டுவதற்கு முன் கைப்பையில் பவர் பேங்க்கைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.