தட்டோரம் ஒதுங்குவது காயா, அதன் பதமா?

"எனக்குக் காய்கறியே ஆகாது" என்று சொல்லும், வீட்டில் நீங்கள் சமைத்துப் போடும் வளர்ந்தவரின் தட்டைப் பத்து நாள் கவனித்துப் பாருங்கள். அந்தப் பேச்சு பாதிதான் உண்மை என்று தெரிந்துவிடும். பச்சைக் கேரட்டை நறுக்கென்று கடிப்பவர் வெந்து குழைந்த கேரட்டைத் தொடமாட்டார். தக்காளியை அரைத்து ஊற்றினால் சாப்பிடுவார், துண்டாகக் கிடந்தால் பொறுக்கி வைப்பார். பல நேரம் வாய் மறுப்பது காயை அல்ல, அது வந்து சேர்ந்த பதத்தை. இதைக் கண்டுபிடிக்காமல் புதுப் புதுச் சமையல் குறிப்புகளைத் தேடி அலைவதுதான் முதல் தவறு.

கண்டுபிடிக்க ஒரு சிறு நோட்டு போதும். எது காலியானது, எது மிஞ்சியது என்று மட்டும் எழுதாமல், அது எந்த வடிவில் இருந்தது என்பதையும் எழுதுங்கள்: பச்சையா, வதக்கலா, அரைத்ததா, சூடா, ஆறியதா, தனியாக இருந்ததா, வேறொன்றோடு கலந்திருந்ததா. இரண்டு வாரத்தில் ஒரு கோலம் தெரியும். வழவழப்பு ஆகாதவர், வாசனை ஆகாதவர், கசப்பு ஆகாதவர், ஒன்றோடொன்று கலந்தாலே ஆகாதவர் என்று இவர்கள் தனித்தனி ரகம். ஒருவருக்குச் செல்லும் வைத்தியம் இன்னொருவருக்குச் செல்லாது.

கசப்பு விஷயத்தில் வீம்பு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நாக்கில் கசப்பை உணரும் நுண்ணிய ஏற்பிகளில் ஒன்றை உருவாக்கும் மரபணு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. முட்டைக்கோஸ், புரோக்கோலி வகையறாக்களில் உங்களுக்கு லேசாகத் தெரியும் கசப்பு அவருக்குத் தூக்கலாகத் தெரியலாம். கொத்தமல்லித் தழை சிலருக்குச் சோப்பு வாடை அடிப்பதிலும் மரபணுவுக்குப் பங்கு உண்டு.

சத்தான சாப்பாடு என்றால் உப்புச்சப்பில்லாமல் வேகவைத்தது என்று எண்ணுவது

வீட்டில் சத்தான சாப்பாட்டுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவது இதுதான். முட்டைக்கோஸையும் காலிஃபிளவரையும் நிறையத் தண்ணீரில் இருபது நிமிடம் வேகவிட்டால், அவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் சிதைந்து வீடு முழுக்க வாடை பரவும். வேகும் நேரம் கூடக் கூட வாடையும் ஏறும். சாப்பிட உட்காருவதற்கு முன்பே வாசனைக்கு முகம் சுளிப்பவரிடம் தோற்றுவிட்டீர்கள். மெல்லிய கீற்றாக நறுக்கிய கோஸுக்கு அதிகச் சூட்டில் நான்கைந்து நிமிடம் போதும்.

காலிஃபிளவர், புரோக்கோலி, கேரட் மூன்றுக்கும் நல்ல வழி ஓவனில் வாட்டுவது. துண்டுகள் இரண்டரை சென்டிமீட்டர் அளவில் ஒன்றுபோல இருக்கட்டும். கழுவியதும் துணியில் ஒற்றி ஈரத்தை முழுவதும் எடுங்கள். 400 முதல் 500 கிராம் காய்க்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு. 220 டிகிரி செல்சியஸுக்கு முன்கூட்டியே சூடேற்றிய ஓவனில் 20 முதல் 25 நிமிடம், பாதியில் ஒருமுறை புரட்டவும். பெரும்பாலும் சறுக்குவது தட்டில் காயைக் குவித்து வைப்பதில்தான். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் காய் விடும் நீர் ஆவியாகி வெளியேற முடியாமல், வாட்டுவதற்குப் பதில் அவித்துவிடும். முறுகாது, சொதசொதக்கும். துண்டுகளுக்கு நடுவே விரல் இடைவெளி வேண்டும். இடம் போதாவிட்டால் இரண்டு தட்டு. ஓவன் இல்லையா? அகலமான வாணலியில் ஒரே அடுக்காகப் பரப்பி, மூன்று நிமிடம் கிளறாமல் விடுங்கள். கிளறிக்கொண்டே இருக்கும் கைதான் முறுகலுக்கு எதிரி.

எண்ணெயை முழுதாக நிறுத்துவதிலும் லாபமில்லை. கேரட், கீரை ஆகியவற்றின் கரோட்டின் சத்து உடலில் சேரக் கொஞ்சமாவது கொழுப்பு தேவை. உப்பு சுவைக்கு மட்டுமல்ல, கசப்பை அடக்கவும் செய்கிறது. ஒரு சிட்டிகை உப்பும் கடைசியில் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் சேர்ந்தால் கீரையின் காறல் வெகுவாகத் தணியும். 'கடைசியில்' என்பது முக்கியம்: புளிப்பு முன்னதாகச் சேர்ந்தால் பச்சை நிறம் மங்கிப் பழுப்பேறும், கண்ணே மறுத்துவிடும். நிறத்துக்காகச் சமையல் சோடா போடும் வழக்கம் வேண்டாம். காய் குழைவதோடு வைட்டமின் சி, தயமின் (வைட்டமின் பி1) ஆகியவற்றையும் அது அழிக்கும்.

வழவழப்பும் சவசவப்பும்

அடிக்கடி ஒதுக்கப்படுபவை வெண்டை, கத்தரி, காளான். மூன்றிலும் குற்றம் ஈரத்தின்மேலோ எண்ணெயின்மேலோதான். வெண்டைக்காயைக் கழுவி முழுவதும் உலர்த்திய பிறகே கத்தி வைக்க வேண்டும். ஈரக் கத்தி பட்டால் கொழகொழப்பு தொடங்கிவிடும். மூடி போடாமல், அதிகச் சூட்டில், பாதி வெந்த பிறகு உப்பு. கத்தரிக்காய் பஞ்சுபோல எண்ணெய் குடிக்கும். முதலில் ஐந்து நிமிடம் ஆவியில் வைத்துப் பிறகு வதக்கினால் எண்ணெய் வெகுவாகக் குறையும். தோல்தான் இடைஞ்சல் என்றால் உரித்துவிடுங்கள், கொஞ்சம் சத்து போகும், பரவாயில்லை. காளானில் பெரும்பகுதி தண்ணீர். எண்ணெய் ஊற்றாமல் வெறும் வாணலியில் போட்டு, விட்ட நீர் சுண்டிய பிறகு எண்ணெய் சேர்த்தால் ரப்பர்த்தனம் போய்ப் பொன்னிறமாகும்.

பயறு வகைகள் பிடிக்காததற்குப் பெரும்பாலும் தோலின் கடினமே காரணம். தக்காளியோ எலுமிச்சையோ வேகும்போதே சேர்ந்தால் தோல் மெத்தென்று ஆகாது. முழுதாக வெந்த பிறகே புளிப்பு. சிவப்பு பீன்ஸ் (ராஜ்மா) மட்டும் தனிக் கவனம் கேட்கும்: இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் நேரடியாகப் போட்டால் அதிலுள்ள லெக்டின் நச்சு அழியாமல் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும்.

திருட்டுத்தனமாகக் கலப்பது

பிள்ளைக்குச் செய்வதுபோல அரைத்து ஒளித்து வைப்பது ஒருநாள் பிடிபடும். அதன்பின் உங்கள் கையால் வரும் எதையும் அவர் கிளறிப் பார்த்துத்தான் சாப்பிடுவார். பிடித்த நாலு பதார்த்தமும் சந்தேகத்துக்கு ஆளாகிவிடும். அரைத்துக் கலப்பதில் தவறில்லை, சொல்லாமல் கலப்பதில்தான் தவறு. "மசித்த உருளைக்கிழங்கில் மூன்றில் ஒரு பங்கு காலிஃபிளவர் இருக்கிறது, பார்" என்று சொல்லிவிட்டே வையுங்கள். கொத்துக்கறியில் கால் பங்குக்கு வெந்த பயறு சேர்ப்பதும் இப்படித்தான். காலிஃபிளவரை மசிப்பதற்கு முன் வடித்து, வெறும் பாத்திரத்தில் இரண்டு நிமிடம் சூடுகாட்டி நீர் போக்காவிட்டால் கலவை நீர்த்துப்போகும்.

திங்கட்கிழமை முதல் எல்லாம் மாறும் என்று அறிவிப்பது

அரிசி, எண்ணெய், உப்பு, சர்க்கரை எல்லாவற்றிலும் ஒரே நாளில் கைவைத்தால் மூன்றாம் நாள் வெளிச்சாப்பாடு வீட்டுக்கு வரும். ஒரு தட்டில் ஒரு மாற்றம் போதும், மற்றவை பழகியவையாக இருக்கட்டும். புதுக் காய் என்றால் இரண்டு மேசைக்கரண்டி அளவு. தட்டு நிறைய வைத்தால் மலைப்புதான் வரும். முதல் நாள் ஒதுக்கினார் என்று அந்தக் காயையே மறந்துவிடாமல், ஒரு வாரம் கழித்து வேறு பதத்தில் கொண்டு வாருங்கள்.

தீட்டாத அரிசிக்கு மாறும்போது மூன்று பங்கு வெள்ளை அரிசிக்கு ஒரு பங்கில் தொடங்கலாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டு வேகவைத்தால் ஒன்று குழையும், மற்றது கடிக்கும். தனித்தனியே வேகவைத்துக் கலப்பதே சரி. நார்ச்சத்து திடீரென்று கூடினால் வயிறு உப்பும், "இந்தச் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று அவர் சொல்வது நியாயமாகிவிடும். சில வாரங்களில் படிப்படியாக, தண்ணீரோடு சேர்த்துக் கூட்டுங்கள்.

உப்பும் அப்படித்தான். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. இப்போது போடுவதில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துச் சில வாரம் விட்டு, அடுத்த பத்தில் ஒன்று. நாக்கு பழகிக்கொள்ளும். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில இரத்த அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

இரண்டு அடுப்பு எரிப்பது

அவருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று தினமும் சமைத்தால் ஒரு மாதத்தில் கை ஓய்ந்துவிடும். அடிப்படை ஒன்றாக இருக்கட்டும், பிரிவது கடைசி ஐந்து நிமிடத்தில் நடக்கட்டும். வெங்காயம், தக்காளி, கோழி வரை சேர்ந்தே வேகும். காளான் போடுவதற்கு முன் அவர் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிடலாம். கலப்பு பிடிக்காதவருக்குத் தானியம், புரதம், காய் மூன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்தால் பாதிச் சண்டை முடிந்தது.

மேசையில் "ஒரு வாய் சாப்பிட்டுப் பார்" என்ற கெஞ்சலும் வேண்டாம், சாப்பிட்டதும் கைதட்டலும் வேண்டாம். வளர்ந்தவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் உறுத்தும். சமைத்தவருக்கு மனம் நோவது இயல்பு. ஆனால் அந்தப் பேச்சைச் சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் பிடிவாதம் என்று தள்ளுவது

முன்பு நன்றாகச் சாப்பிட்டவருக்குத் திடீரென்று சுவை மாறினால் மாத்திரைப் பெட்டியைப் பாருங்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் உட்படச் சில மருந்துகள் வாயில் உலோகச் சுவை தரும். சளியிலோ தொற்றிலோ மோப்பம் குறைந்தாலும் சாப்பாடு மண்ணாகத் தெரியும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவருக்குக் கீரையைத் திடீரென்று அதிகமாக்குவது ஆபத்து. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும். வாராவாரம் அளவு ஒரே சீராக இருக்க வேண்டும்.

சாப்பிடும் பொருள்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிப்போனாலோ, எடை குறைந்தாலோ, விக்கிவிடுமோ, வாந்தி வருமோ என்ற பயத்தில் உணவைத் தவிர்த்தாலோ அது சமையலறையில் தீரும் விஷயமல்ல. தவிர்ப்பு சார்ந்த உண்ணல் கோளாறு என்று 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் தனிப் பெயரோடு இடம்பெற்றிருக்கும் நிலையாக அது இருக்கலாம். பெரியவர்களுக்கும் வரும், சிகிச்சையும் உண்டு. மருத்துவரிடம் போகும்போது அந்த இரண்டு வார நோட்டையும் கையோடு கொண்டு போங்கள்.