பிராக்கெட் அநியாயமா? தாளும் பென்சிலும் எடுங்கள்

அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஐஸ் ஹாக்கியின் என்சிஏஏ (கல்லூரி விளையாட்டு அமைப்பு) கோப்பைப் போட்டிக்கான பிராக்கெட், அதாவது யார் யாருடன் எந்த ஊரில் மோதுவது என்ற பட்டியல், மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியாகும். வந்த நிமிடமே எங்கள் டென்வர் அணி ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது 'அநியாயம்' என்று ஆரம்பித்துவிடுவார்கள். சில வருடம் அது உண்மைதான். ஆனால் எந்த இடத்தில் அநியாயம் என்று தெரிந்து திட்டுவது நல்லது.

முதலில் 16 அணிகளையும் வரிசையாக எழுதுங்கள். ஆறு கான்ஃபரன்ஸ் (கல்லூரிகளின் லீக்) சாம்பியன்கள் நேரடியாக வருகிறார்கள், மீதிப் பத்து இடம் கணக்குப்படி. வரிசையும் கணக்குதான், அதில் சண்டைக்கு இடமில்லை. நான்கு நான்காகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் அணிக்குப் பதினாறாவது, இரண்டாவதற்குப் பதினைந்தாவது என்று ஜோடி சேர்த்தால் சுத்தமான பிராக்கெட் கிடைக்கும்.

அப்புறம்தான் ஊர். ரீஜினல் எனப்படும் முதல் இரண்டு சுற்றுகள் நடக்கும் நான்கு ஊர்களும் ரொம்ப முன்பே முடிவானவை. நடத்தும் கல்லூரி தகுதி பெற்றுவிட்டால், அதை அதன் ஊரில் போட்டே ஆக வேண்டும் என்பது விதி. அதனால் அதைப் பேனாவால் எழுதுங்கள், மற்றதெல்லாம் பென்சில். முதல் சுற்றில் ஒரே கான்ஃபரன்ஸ் அணிகள் மோதினால், அதே நான்குக்குள் இடம் மாற்றிப் பாருங்கள்.

இப்போது கவனியுங்கள்: முதல் நான்கில் உள்ள அணி ஏதாவது எதிராளியின் வாசலில் ஆடுகிறதா? 2024இல் மூன்றாவது இடத்திலிருந்த டென்வர் சுமார் 2,700 கி.மீ. பறந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போனது. எதிரே யுமாஸ் (மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம்), ரீஜினலை நடத்தும் கல்லூரியே அதுதான். அவர்களுடைய ஆம்ஹர்ஸ்ட் வளாகம் அங்கிருந்து 40 கி.மீ.தான். தாளில் டென்வர்தான் 'ஹோம்' அணி, எதிரணி ஆட்களை இறக்கிய பிறகு கடைசியாகத் தன் ஆட்களை மாற்றும் உரிமையும் அவர்களுக்கே. ஆனால் கூச்சல் யாருக்கு? இரண்டு ஓவர்டைம் போய் 2-1 என்று தப்பித்தார்கள். அந்த வருடக் கோப்பையும் டென்வருக்கே வந்தது என்பதால் எங்கள் குழுவில் இதை மறந்துவிட்டார்கள். மறக்கக் கூடாது. 2025இல் மெய்ன் பல்கலைக்கழக அணிக்கு அதிர்ஷ்டம் இல்லை: முதல் நான்கில் இருந்தும் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில், அந்த ரீஜினலை நடத்திய பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்திடம் 5-1 என்று உதை வாங்கியது.

தூரத்தை நான் பெரிதாக எண்ணுவதில்லை. விமானத்தில் ஒரு தூக்கம் போட்டால் சரியாகிவிடும். கூட்டம் அப்படியில்லை. அதனால் உங்கள் தாளில் கிலோமீட்டருக்குப் பதிலாக 'யார் கூட்டம்?' என்று ஒரு பத்தி போடுங்கள். அதில் எதிரணிப் பெயர் விழுந்தால் தாராளமாகக் கத்தலாம்.

பெண்கள் போட்டியில் முதல் நான்கு அணிகள் ரீஜினலைச் சொந்த அரங்கிலேயே ஆடுகின்றன. ஆண்களுக்கும் அதுதான் சரி என்பது என் கட்சி. 'பொது இடம்தான் நியாயம்' என்று யாராவது வாதாடினால், ஆலன்டவுன் ஸ்கோரை அனுப்பிவையுங்கள்.