ஹனுக்கா விளக்கு பொறித்த வெள்ளி நாணயங்கள்: சேகரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூதர்களின் எட்டு நாள் விளக்குத் திருநாளான ஹனுக்கா பண்டிகையை ஒட்டி இஸ்ரேல் வங்கி 1958-இல் நினைவு நாணயங்களை வெளியிடத் தொடங்கியது. உலகெங்கும் சிதறி வாழ்ந்த யூதர்கள் அந்தந்த ஊரின் கைவினை மரபில் செய்துகொண்ட விளக்குகளே அவற்றுள் பலவற்றில் இடம்பெற்றுள்ளன. 1972-இல் ரஷ்ய விளக்கும், 1973-இல் பாபிலோனிய விளக்கும், 1974-இல் டமாஸ்கஸ் விளக்கும், 1990-இல் நமக்கு அண்டையிலுள்ள கொச்சியின் விளக்கும் வந்தன. ஒரு சமூகத்தின் வீட்டுச் சுவரில் இருந்த பொருள் உள்ளங்கை நாணயமாகிறது என்பதாலேயே இவற்றை வெறும் வெள்ளியாக எடைபோட்டு வாங்க எனக்கு மனம் வருவதில்லை.

முதல் தவறு, பொறிக்கப்பட்ட பொருளையே மாற்றிப் புரிந்துகொள்வது. ஏழு கிளைகள் கொண்டது ஜெருசலேம் ஆலயத்தில் இருந்த மெனோரா என்னும் விளக்குத்தண்டு. இஸ்ரேலின் அரசுச் சின்னத்தில் இருப்பதும் அதுதான். ஹனுக்கா விளக்கில் எட்டு இரவுகளுக்கு எட்டுச் சுடர்களும், அவற்றை ஏற்றுவதற்கு ‘ஷமாஷ்’ எனப்படும் ஒன்பதாவது சுடரும் இருக்கும். வாங்குமுன் சுடர்களை எண்ணிப் பாருங்கள். விற்பவர் எழுதிவைத்த குறிப்பு பல நேரங்களில் அங்கேயே பொய்த்துவிடும்.

விளக்கு இருந்தால் அது வெள்ளிதான் என்று நம்பிவிடுவது அடுத்தது. 1962-இன் இத்தாலிய விளக்கு நாணயமும் 1963-இன் வட ஆப்பிரிக்க விளக்கு நாணயமும் செம்பு-நிக்கல் கலவையில் அச்சிடப்பட்டவை. பிற்காலத்தில் அன்றாடப் புழக்க நாணயங்களிலேயே சிறிய ஹனுக்கா விளக்குக் குறியைச் சேர்த்து வெளியிட்டதும் உண்டு. அவையும் வெள்ளி அல்ல. வெள்ளியிலும் தரம் ஒன்றுபோல் இருப்பதில்லை. 1972-ஆம் ஆண்டின் 5 லிரா (இஸ்ரேலின் அந்நாளைய பணம்) நாணயம் 20 கிராம் எடையில் முக்கால் பங்கு வெள்ளி கொண்டது. அதே எடையுள்ள 1973-ஆம் ஆண்டு நாணயத்தில் பாதிதான் வெள்ளி. தராசு இரண்டையும் ஒன்றாகவே காட்டும், உள்ளிருக்கும் வெள்ளியோ 15 கிராமும் 10 கிராமுமாக வேறுபடும்.

நாணயத்தில் எழுத்துகளால் பொறித்த எபிரேய (யூத) ஆண்டைக் கணக்கிடுவதில் பலரும் வழுக்குகிறார்கள். வலமிருந்து இடமாக, எழுத்துகளின் மதிப்பைக் கூட்டிப் படிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ரஷ்ய விளக்கு நாணயத்தில்: தாவ் 400, ஷின் 300, லாமெத் 30, கிமெல் 3, ஆக 733, விட்டுவிடும் வழக்கமுள்ள ஐயாயிரத்தைச் சேர்த்தால் 5733. இதிலிருந்து 3760-ஐக் கழித்து 1973 என்று முடிவுகட்டினால், ரஷ்ய விளக்கைப் பாபிலோனிய விளக்கின் ஆண்டில் வைத்துவிடுவோம். யூத ஆண்டு இலையுதிர் காலத்தில் பிறப்பதாலும், ஹனுக்கா பெரும்பாலும் டிசம்பரில் வருவதாலும், ஹனுக்கா நாணயங்களுக்கு 3761-ஐக் கழிப்பதே சரி.

தலைச்சன் ஆண்பிள்ளையை ஐந்து ஷெக்கல் வெள்ளி கொடுத்து ஆசாரிய மரபினரிடமிருந்து மீட்கும் சடங்குக்கென 1970 முதல் வெளியான ‘பித்யோன் ஹபேன்’ நாணயங்களைத் தனித்தனி நினைவுப்பொருளாக மட்டும் கருதுவதும் பிழையே. 900 தரத்தில் (ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி) 26 கிராம் எடையுள்ள 1970-ஆம் ஆண்டு நாணயங்கள் ஐந்தைச் சேர்த்தால் 117 கிராம் தூய வெள்ளி கிடைக்கிறது. சடங்குக்கு வேண்டிய அளவை ஐந்து நாணயங்களே நிறைவுசெய்ய வேண்டும் என்று எண்ணித் திட்டமிட்ட எடை அது. ஆகவே அவற்றை ஐந்தாகச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் பொருள் விளங்கும்.

சேகரிப்போருக்கென்றே கண்ணாடிப் பளபளப்புடன் அச்சிடப்படும் ப்ரூஃப் நாணயங்களில் ‘மேம்’ என்ற சிறிய எபிரேய எழுத்து இருக்கும். அதைத் தேடாமல் பளபளப்பை மட்டும் நம்பினால், துலக்கிய சாதாரண நாணயத்துக்கு ப்ரூஃப் விலை கொடுக்க நேரும்.

துலக்குவதைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளிக் குத்துவிளக்கைத் துலக்கும் பழக்கத்தில், கறுத்திருந்த ஒரு நாணயத்தை ஒருமுறை விபூதி போட்டுத் தேய்த்தேன். கறுப்பு போயிற்று, ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது விளக்கின் மேல் தகடு முழுவதும் மயிரிழைக் கீறல்கள், அதன் நுண்ணிய வேலைப்பாட்டின் விளிம்புகளும் மழுங்கியிருந்தன. இயற்கையாகப் படிந்த கறுப்பு நாணயத்துக்குக் கேடு செய்வதில்லை. அதை அப்படியே விட்டுவிடுங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் நெடுநாள் கிடந்தால் படியும் பச்சைப் பிசுக்கு மட்டுமே உடனடியாகக் கவனிக்க வேண்டியது. அதைத் தூய அசிட்டோனில் ஊறவைத்து, தேய்க்காமல் காற்றில் உலரவிட்டு, மைலார் என்னும் பாலியெஸ்டர் உறைக்கோ கடினமான கேப்சூலுக்கோ மாற்றிவிட வேண்டும்.