எல்இடி டிம்மர்: புரோகிராமைத் திட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

230 வோல்ட் எல்இடி பல்பை ஆர்டுயினோ என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டை வைத்து மங்கலாக்கும்போது பல்பு மினுக்க ஆரம்பித்தால், எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது புரோகிராமைத்தான். கோளாறு பெரும்பாலும் பல்புக்குள் இருக்கும். பழைய குண்டு பல்பில் வெறும் இழைதான் உண்டு, கொடுப்பதை வாங்கிக்கொள்ளும். எல்இடி பல்புக்குள் ஒரு டிரைவர் இருக்கிறது. வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் எல்இடிக்குப் போகும் கரண்டை மாறாமல் காப்பதுதான் பல டிரைவர்களுக்கு வேலையே. நாம் குறைக்கப் பார்ப்போம், அது விடாது. அட்டையில் 'டிம்மபிள்' என்று போட்டிருக்காத பல்போடு மல்லுக்கட்டுவது வீண், பல்பும் போய்விடலாம்.

சரி, டிம்மபிள் பல்பே வாங்கியாயிற்று, ஆனாலும் மினுக்குகிறதா? டிரையாக்கைப் பாருங்கள். ஒவ்வொரு அரை சைக்கிளிலும் கொஞ்சம் தாமதித்து ஆன் ஆகி, வெளிச்சத்தைக் குறைக்கும் எலக்ட்ரானிக் சுவிட்ச் அது. ஆன் ஆன டிரையாக் அப்படியே நிற்க, அதன் வழியே ஒரு குறைந்தபட்சக் கரண்ட் ஓட வேண்டும். அதுதான் ஹோல்டிங் கரண்ட். பிடிஏ16-600பி என்ற டிரையாக்குக்கு அது 50 மில்லிஆம்ப் வரை போகலாம். 5 வாட் பல்போ, பவர் ஃபேக்டரை விட்டுக் கணக்குப் போட்டால், சுமார் 22 மில்லிஆம்ப்தான் இழுக்கும். டிரையாக் பாதியிலேயே விட்டுவிடும். என்னைக் கேட்டால், எல்இடிக்கு டிரையாக்கே வேண்டாம்: இரண்டு மாஸ்ஃபெட்டுகளின் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்கள்) சோர்ஸ் கால்களைச் சேர்த்துக் கட்டி, ஒவ்வொரு அரை சைக்கிளின் பின்பகுதியை வெட்டுவதே நல்லது.

டிரையாக்தான் என்றால், ஆர்டுயினோவையும் மெயின்ஸையும் (230 வோல்ட் வீட்டு லைன்) பிரித்து வைத்து, ஒளி வழியே சிக்னலைக் கடத்தும் ஆப்டோகப்ளர் எம்ஓசி3021 வகையாக இருக்கட்டும். எம்ஓசி3041-இல் ஜீரோ கிராஸிங் (வோல்டேஜ் பூஜ்யத்தைக் கடக்கும் கணம்) சர்க்யூட் உள்ளேயே இருப்பதால், அரை சைக்கிளின் நடுவில் அது ஆன் ஆகாது.

புரோகிராமிலும் தவறு நடக்கும், இல்லையென்று சொல்லவில்லை. 50 ஹெர்ட்ஸில் அரை சைக்கிள் 10 மில்லிசெகண்ட். ஜீரோ கிராஸிங் இன்டரப்ட் வந்ததும் டிலே போட்டுக் காத்திருக்காமல், ஹார்டுவேர் டைமரிடம் வேலையைக் கொடுங்கள். மிகக் குறைந்த வெளிச்சத்தில் பல்பு திடீரென்று பளீரென முழுதாக எரிந்தால், டிரையாக்கை ஆன் செய்யும் கேட் பல்ஸ் அடுத்த அரை சைக்கிளுக்குள் வழிந்துவிட்டது என்று பொருள். தாமதத்தை 9 மில்லிசெகண்டோடு நிறுத்திக்கொண்டு, பல்ஸையும் சின்னதாக வைத்தால் அது போய்விடும்.

ஆஃப் செய்த பிறகும் பல்பு லேசாக ஒளிர்கிறதா? டிரையாக்குக்குக் குறுக்கே, வோல்டேஜ் திடீரென எகிறாமல் தடுக்கப் போடும் ஸ்னப்பர்தான் காரணமாக இருக்கும். அதிலுள்ள 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வழியே ஏறத்தாழ 7 மில்லிஆம்ப் கசியும்.

அப்புறம், பிரெட்போர்டில் மெயின்ஸைக் கொண்டுவராதீர்கள். ஆப்டோகப்ளர் போட்டுவிட்டு இரண்டு பக்கத்து கிரவுண்டையும் ஒன்றாக இணைத்தால், யுஎஸ்பி வழியே லேப்டாப் நேராக மெயின்ஸில் இருக்கும். ஆஸிலோஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப்பை மெயின்ஸ் பக்கம் மாட்டுவதும் அதே ஆபத்துதான்: அந்தக் கிளிப் பெரும்பாலும் எர்த்தோடு இணைந்திருக்கும், லைன் பட்ட கணத்தில் ஷார்ட். அளக்க, எர்த்தைத் தொடாமல் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வோல்டேஜைக் காட்டும் டிஃபரன்ஷியல் புரோப் வேண்டும்.